நாலாவது படத்தின் கோபம், ஐந்தாவது படத்தின் காலி இருக்கைகள்

இண்டியானா ஜோன்ஸ் பட வரிசையில் 1989-க்குப் பிறகு 19 வருடம் எதுவும் வரவில்லை. 2008-ல் ஒன்று வந்தது. மறுபடியும் 15 வருட இடைவெளி. 2023-ல் கடைசிப் படம். இப்படித் தாமதமாக வந்த இந்த இரண்டையும் பற்றிப் பேச்சு எடுத்தாலே, "ரெண்டும் தேறலை, மூணோட நிறுத்தியிருக்கலாம்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். அந்த வாக்கியத்துக்குள் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு விஷயங்கள் சேர்ந்து கிடக்கின்றன. பிரித்துப் பார்த்தால்தான் ரசிகர்கள் எதற்குக் கோபப்பட்டார்கள், எதற்கு வராமலே இருந்தார்கள் என்பது பிடிபடும்.

முதலில் பணக் கணக்கு. 2008-ன் 'கிங்டம் ஆஃப் தி கிரிஸ்டல் ஸ்கல்' உலகம் முழுக்க ஏறக்குறைய 79 கோடி டாலர் வசூலித்தது. அந்த வருட உலக வசூலில் 'தி டார்க் நைட்' படத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். 2023-ன் 'டயல் ஆஃப் டெஸ்டினி' சுமார் 38 கோடி டாலரோடு நின்றது. தயாரிப்புச் செலவே 30 கோடியை ஒட்டி இருந்ததாக அப்போதே செய்திகள் வந்தன. டிக்கெட் பணத்தில் கிட்டத்தட்டப் பாதி தியேட்டர்காரர்களுக்குப் போய்விடும், விளம்பரச் செலவு தனி. ஆக, பெரிய நஷ்டம்.

படம் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்களைக் கேட்டால் வரிசை மாறுகிறது. அமெரிக்காவில் முதல் நாள் பார்வையாளர்களிடம் அட்டை கொடுத்து மதிப்பெண் வாங்கும் சினிமாஸ்கோரில் நாலாவது படத்துக்குக் கிடைத்தது பி. ஐந்தாவதுக்கு பி பிளஸ். கூட்டம் கூட்டமாக வந்து பார்த்த படத்தைவிட, ஆள் வராத படத்துக்கு ஒரு படி அதிகம்.

இன்னும் கொஞ்சம் உள்ளே போவோம். நாலாவது படம் அமெரிக்காவில் முதல் வெள்ளி-சனி-ஞாயிறில் 10 கோடி டாலர் எடுத்தது, மொத்தமாக அங்கே 31.7 கோடி. ஐந்தாவது முதல் மூன்று நாளில் 6 கோடி, மொத்தம் 17.4 கோடி. மொத்தத்தை முதல் மூன்று நாளால் வகுத்துப் பாருங்கள். ஒன்று மூன்றுக்குக் கொஞ்சம் மேலே, இன்னொன்று மூன்றுக்குக் கொஞ்சம் கீழே. இரண்டாவது வார இறுதியில் விழுந்த அளவும் இரண்டுக்கும் ஏறக்குறைய 55 சதவீதம்தான். நாலாவது படம் வியாழனன்றே வெளியாகி, நீண்ட விடுமுறை வாரத்தில் ஓடியது என்பதைக் கணக்கில் எடுத்தாலும் இது பெரிய வித்தியாசமே இல்லை. வாய்மொழி விளம்பரம் இரண்டு படங்களுக்கும் ஒரே மாதிரிதான் வேலை செய்திருக்கிறது. வேறுபட்டது ஒன்றே ஒன்று, முதல் நாள் எத்தனை பேர் வந்தார்கள் என்பது. இடைப்பட்ட 15 வருடத்தில் டிக்கெட் விலை ஏறியிருப்பதால் ஆள் கணக்கில் அந்த வித்தியாசம் இன்னும் பெரியது.

முதல் நாள் கூட்டத்தைப் படத்தின் தரம் தீர்மானிப்பதில்லை, யாரும் இன்னும் பார்த்திருக்கவில்லையே. அதைத் தீர்மானிப்பது முந்தைய படம் விட்டுச்சென்ற நினைவு. அதனால்தான் நீண்டகாலத் தொடர்களைப் பொறுத்தவரை ஒரு படத்துக்கான உண்மையான எதிர்வினை, அதற்கு அடுத்த படத்தின் முதல் நாளில்தான் தெரிகிறது என்று சொல்கிறேன். 2008-ல் வந்தவர்கள் 1989-ன் 'லாஸ்ட் க்ரூசேட்' கொடுத்த சந்தோஷத்தை நம்பி வந்தவர்கள். 2023-ல் வராதவர்களில் பலர் 2008-ஐ மறக்காதவர்கள்.

மற்ற காரணங்களும் உண்டு. படப்பிடிப்பின்போது நாயகனாக நடிக்கும் ஹாரிசன் ஃபோர்டுக்கு வயது 79. இருபதுகளில் இருந்தவர்களுக்கு இந்த நாயகனோடு சிறுவயதுப் பழக்கமே கிடையாது. 'மிஷன் இம்பாசிபிள்' வரிசையின் புதுப் படம் ஜூலை 12-லும், 'பார்பி'யும் 'ஓப்பன்ஹைமர்' படமும் ஜூலை 21-லும் வரிசை கட்டி நின்றன. ஆனால் இந்தப் போட்டிப் படங்கள் மூன்றாவது வாரத்துக்குப் பதில் சொல்லும், முதல் வெள்ளிக்கிழமைக்குச் சொல்லாது.

மதிப்பெண்களை எப்படிப் படிப்பது

தாமதமான சீக்வல்களைப் பற்றிய சண்டையில் பாதி, எண்களைத் தவறாகப் படிப்பதால் வருவது. இதை ஒருமுறை சரியாகப் புரிந்துகொண்டால் போதும்.

சினிமாஸ்கோர் அட்டை நிரப்புகிறவர்கள் முதல் நாளே காசு கொடுத்து வந்தவர்கள். வருடக்கணக்கில் காத்திருந்த ரசிகர்கள்தான் முதல் நாள் வருவார்கள். அவர்கள் இயல்பிலேயே தாராளமாக மதிப்பெண் போடுவார்கள். அதனால் அந்த அட்டையில் பி என்பது பள்ளிக்கூடத்து பி இல்லை. ஏ மைனஸுக்குக் கீழே இறங்கினாலே ரசிகர்களுக்கு உறுத்தல் இருக்கிறது என்று அர்த்தம். பி என்றால் வெளிப்படையான ஏமாற்றம். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன்: 36 வருட இடைவெளிக்குப் பிறகு வந்த 'டாப் கன்: மேவரிக்' வாங்கியது ஏ பிளஸ்.

ராட்டன் டொமேட்டோஸ் என்ற விமர்சனத் தளத்தின் சதவீதம் வேறு ஜாதி. விமர்சகர்களில் எத்தனை பேர் 'பார்க்கலாம்' என்றார்கள் என்பது மட்டும்தான் அது. எவ்வளவு பிடித்தது என்பது அதில் இல்லை. பார்வையாளர் பக்கத்திலும் ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரமோ அதற்கு மேலோ போட்டவர்களின் விகிதம்தான் வரும். மூன்றரை போட்டு "பரவாயில்லை" என்றவரும், ஐந்து போட்டுக் கண்ணீர் விட்டவரும் அங்கே ஒன்றுதான்.

இதைவிட முக்கியமான சிக்கல் ஒன்று இருக்கிறது. நாலாவது படத்துக்கு விமர்சகர்கள் 77 சதவீதம், பார்வையாளர்கள் 50-ஐ ஒட்டி. ஐந்தாவதுக்கு விமர்சகர்கள் 70 அளவில், பார்வையாளர்கள் 85-க்கு மேல். பார்த்தவுடன் "விமர்சகர்களும் ரசிகர்களும் இடம் மாறிவிட்டார்கள்" என்று எழுதத் தோன்றும். எழுதக் கூடாது. 2019-ல் அந்தத் தளம் முறையையே மாற்றியது. அதற்கு முன்பு கணக்கு வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் ஓட்டுப் போடலாம். அதற்குப் பிறகு முகப்பில் தெரிவது டிக்கெட் வாங்கியது உறுதியானவர்களின் ஓட்டு. 2008 படத்துக்கு இருப்பது வருடக்கணக்கில் சேர்ந்த திறந்த ஓட்டு, அதில் கோபத்தோடு திரும்பி வந்து போட்டவர்களும் அடக்கம். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது செல்லாது. திறந்த ஓட்டு எந்த அளவுக்கு விலகிப் போகும் என்பதற்கு 2017-ன் 'தி லாஸ்ட் ஜெடாய்' படத்தைப் பார்த்தால் போதும்: சினிமாஸ்கோரில் ஏ, ராட்டன் டொமேட்டோஸ் பார்வையாளர் பக்கத்தில் 50-க்கும் கீழே.

ஐஎம்டிபியில் சராசரியைப் பார்ப்பதைவிட, எந்த எண்ணுக்கு எத்தனை பேர் என்ற பட்டை வரைபடத்தைத் திறந்து பாருங்கள். ஒன்று போட்டவரும் பத்து போட்டவரும் படத்தைப் பற்றிப் பேசுவதைவிடத் தங்கள் பழைய பாசத்தைப் பற்றியே அதிகம் பேசுவார்கள். ஐந்து, ஆறு, ஏழு போட்டு விரிவாக எழுதியவர்களைத் தேடிப் படிக்க வேண்டும். எந்தக் காட்சியில் மனது விலகியது, எந்த இடத்தில் மீண்டும் ஒட்டியது என்று குறிப்பாகச் சொல்கிறவர்கள் அவர்கள்தான்.

ஃப்ரிட்ஜ் காட்சி

நாலாவது படத்தின் மீதான கோபத்துக்கு முகவரியே இந்தக் காட்சி. நெவாடா பாலைவனத்தில் அணுகுண்டு சோதனைக்காகக் கட்டிய பொம்மை ஊர். நாயகன் அங்கே மாட்டிக்கொள்கிறான். சைரன் ஒலிக்கிறது, எண்ணிக்கை இறங்குகிறது. ஈயம் பூசிய ஃப்ரிட்ஜ் ஒன்றில் இருப்பதையெல்லாம் வெளியே தள்ளிவிட்டு உள்ளே புகுந்து கதவைச் சாத்திக்கொள்கிறான். ஊர் பொசுங்குகிறது. தப்பி ஓடும் ரஷ்யர்களின் கார் மேலே பறந்து போய் ஃப்ரிட்ஜ் விழுகிறது, உருள்கிறது, திறக்கிறது. அவன் வெளியே விழுந்து எழுந்து நிற்கிறான்.

இந்த யோசனை யாருடையது என்பதில் இயக்குநர் ஸ்பீல்பெர்க் ஒரு பேட்டியில் தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டார். கதையை உருவாக்கிய லூகாஸோ பிறகு, "இல்லை, என்னுடையதுதான்" என்றார். விசாரித்ததில் உயிர் பிழைக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்றும் வாதாடினார். அதுவும் போக, ஸ்பீல்பெர்க் தயாரித்த 'பேக் டு தி ஃப்யூச்சர்' படத்தின் ஆரம்பத் திரைக்கதையிலேயே அணுகுண்டுச் சோதனைத் திடலும் ஃப்ரிட்ஜும் இருந்தன. குழந்தைகள் பார்த்துவிட்டு ஃப்ரிட்ஜுக்குள் ஏறிவிடுவார்கள் என்று பயந்து அப்போது கைவிட்டார்கள்.

எல்லோரும் சொல்லும் குறை, "நடக்கவே முடியாத விஷயம்" என்பது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 1984-ன் 'டெம்பிள் ஆஃப் டூம்' படத்தில் மூன்று பேர் பாராசூட் இல்லாமல், காற்றடைத்த ரப்பர் படகில் விமானத்திலிருந்து குதிக்கிறார்கள். பனிச்சரிவில் வழுக்கி, மலை முகட்டைத் தாண்டி, கீழே ஆற்றில் விழுகிறார்கள். அதுவும் நடக்கவே முடியாதது. அந்தக் காட்சியைக் கைதட்டி ரசித்தவர்களே 24 வருடம் கழித்து ஃப்ரிட்ஜைப் பார்த்து முகம் சுளித்தார்கள்.

காட்சிகளைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தால் காரணம் தெரியும். படகுக் காட்சியில் ஒவ்வொரு படியும் நம் கண் முன்னே நடக்கிறது. விமானிகள் எரிபொருளைக் கொட்டிவிட்டுப் பாராசூட்டோடு குதித்துவிடுகிறார்கள். இவன் பாராசூட்டைத் தேடுகிறான், இல்லை. கண்ணில் பட்டது படகு. மூவரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். விழும்போதும், சறுக்கும்போதும், மறுபடி விழும்போதும் அவர்கள் முகமும் அலறலும் நம்மோடே இருக்கின்றன. பயம் நமக்கும் தொற்றுகிறது.

ஃப்ரிட்ஜ் காட்சியில் கதவு சாத்திய நொடியில் நாயகன் நம் பார்வையிலிருந்து போய்விடுகிறான். அதன் பிறகு நாம் பார்ப்பது ஒரு பொருள் பறப்பதை. உள்ளே அவன் எப்படி அடிபட்டான், எதைப் பிடித்துக்கொண்டான், மூச்சு விட்டானா, ஒன்றும் தெரியாது. விழுந்த பிறகும் நொண்டவில்லை, ரத்தமில்லை. கிராபிக்ஸில் செய்த ஒரு சிறு விலங்கு வளையிலிருந்து தலையை நீட்டிப் பார்க்கிறது, அடுத்து கதிரியக்கத்தைத் தேய்த்துக் கழுவும் காட்சி, அவ்வளவுதான். கதை அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. நாயகனுக்கு வலிக்கவில்லை என்றால் பார்க்கிறவனுக்கும் ஒன்றும் ஆவதில்லை. இத்தனைக்கும் அந்தப் படத்தின் மிக அழகான சட்டகம் இதற்கு அடுத்த கணத்தில்தான் வருகிறது: எழும்பி நிற்கும் காளான் மேகத்துக்கு முன்னால், தொப்பி போட்ட ஒரு சின்ன உருவம். 1930-களின் வீரன் அணுயுகத்துக்குள் வந்து நிற்கிறான் என்பதை அந்த ஒரே ஷாட் சொல்லிவிடுகிறது. ஃப்ரிட்ஜ் பற்றிய கூச்சலில் அதை யாரும் கவனிக்கவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

1981-ல் வந்த முதல் படத்தின் லாரித் துரத்தலோடு வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். கையில் குண்டு பட்டு, முன் கண்ணாடி வழியாக வெளியே தூக்கி எறியப்பட்டு, லாரியின் முகப்பில் தொங்கி, அடியில் புகுந்து, சாட்டையைப் பிடித்துப் புழுதியில் இழுபட்டு, மறுபடி ஏறுகிறான். ஸ்டண்ட் கலைஞர் டெர்ரி லெனார்டு உண்மையாகவே லாரிக்கு அடியில் போனார். உடம்பு நசுங்காமல் இருக்கச் சாலையின் நடுவே பள்ளம் வெட்டினார்கள். இதெல்லாம் முடிந்து கப்பலில் ஒரு காட்சி. உடம்பெல்லாம் வலி, தொட்டால் கத்துகிறான். காதலி முத்தமிட ஆரம்பிக்கும்போது அசதியில் தூங்கிவிடுகிறான். அந்த ஓய்வுக் காட்சி அதற்கு முந்தைய சாகசத்தை முழுவதுமாக நம்ப வைக்கிறது. நாலாவது படத்தில் அடுத்தடுத்து மூன்று அருவிகளில் வண்டியோடு விழுகிறார்கள், ஈரத்தோடு எழுந்து நடக்கிறார்கள். அதற்கு ஈடான ஒரு கப்பல் காட்சி எங்குமே இல்லை.

இன்னொரு குறையும் அடிக்கடி வரும்: "எல்லாம் கிராபிக்ஸ்." படம் வருவதற்கு முன்பு, பழைய பாணியில் நேரடி ஸ்டண்டுக்கே முன்னுரிமை என்று தயாரிப்புத் தரப்பு பேசியிருந்தது. அந்தப் பேச்சு எதிர்பார்ப்பை ஏற்றிவிட்டது. ஆனால் பலர் கிராபிக்ஸ் என்று சொல்லும் உறுத்தலில் கணிசமான பங்கு ஒளிப்பதிவினுடையது என்பது என் கணிப்பு. முதல் மூன்று படங்களுக்கும் டக்ளஸ் ஸ்லோகோம்ப். விளிம்புகள் கூர்மை, கறுப்பு கறுப்பாகவே இருக்கும், வெயில் சுள்ளென்று அடிக்கும். நாலாவதுக்கு வந்தவர் ஜானுஸ் காமின்ஸ்கி. பழைய படங்களைப் பார்த்து ஸ்லோகோம்ப் பாணியைப் பிடிக்க முயன்றார். ஆனாலும் பின்னாலிருந்து வரும் வெளிச்சம் முகங்களைச் சுற்றிப் பூத்துப் பரவுவது அவருடைய கைப்பழக்கம். இந்தப் பரவல் இருந்தால், உண்மையான காட்டில் எடுத்த ஷாட்கூட ஸ்டுடியோவில் எடுத்தது போலவே தெரியும். ஜீப்புகளில் நடக்கும் காட்டுத் துரத்தலை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஹவாயில் எடுத்த நிஜ மரங்கள் அங்கே நிறைய இருக்கின்றன, ஆனால் கண் அவற்றை நம்ப மறுக்கிறது. அந்தச் சந்தேகத்தோடு இருக்கும் கண்ணுக்கு முன்னால் குரங்குகளோடு கொடியில் ஆடும், நாயகனின் மகனாக வரும் ஷியா லபூஃபைக் காட்டினால் என்ன ஆகும்? மிச்சமிருந்த நம்பிக்கையும் போய்விட்டது. 2010-ல் அவரே அந்தக் காட்சியில் தான் கோட்டைவிட்டதாக வெளிப்படையாகச் சொன்னார்.

நாலாவது படத்தில் வேற்றுகிரகவாசிகள் வரும் விஷயத்தில் ரசிகர்கள் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. கதை 1957-ல் நடப்பதால், 1930-களின் தொடர்படங்களுக்குப் பதில் 50-களின் அறிவியல் புனைகதைப் படங்களை மாதிரியாக எடுத்துக்கொண்டார் லூகாஸ். யோசனை சரிதான். முதல் படத்தில் தேடப்படும் புனிதப் பேழையைத் திறந்தால் முகம் உருகும் உலகத்தில் பறக்கும் தட்டு மட்டும் ஏன் கூடாது? கூடும். ஆனால் பேழை என்றால் என்ன, தொட்டால் என்ன ஆகும் என்று முதல் படம் ஆரம்பத்திலேயே ஒரு வகுப்பறையில் புத்தகப் படத்தைக் காட்டி விளக்கிவிடும். முடிவில் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லும்போது விதி நமக்கே தெரிந்ததாக இருக்கும். நாலாவதில் தேடப்படும் பளிங்கு மண்டை ஓடோ காந்தம் மாதிரி இழுக்கிறது, எறும்புகளை விலக்குகிறது, உற்றுப் பார்த்தால் புத்தி பேதலிக்கிறது, காட்சிக்கு ஏற்றபடி ஒரு சக்தி. விதி புரியாத இடத்தில் ஆபத்தும் புரியாது.

தென்னமெரிக்க வரலாறு தெரிந்தவர்களுக்கு வேறு வருத்தம். பெருவில் நடக்கும் கதையில், அமேசான் காட்டுக்குள் மாயா பாணிப் பிரமிடு. மெக்சிகோப் புரட்சியாளர் பாஞ்சோ வியாவோடு திரிந்தபோது கெச்சுவா மொழி கற்றுக்கொண்டதாக நாயகன் சொல்கிறான், கெச்சுவா ஆண்டிஸ் மலைப்பகுதியின் மொழி. ரஷ்யாவில் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கள் சிலர் படத்துக்கே தடை கேட்டார்கள்.

ஒவ்வொரு படமும் முந்தைய குறைக்குப் பதில்

இந்த வரிசையின் வரலாறே எதிர்வினைகளின் வரலாறுதான். 'டெம்பிள் ஆஃப் டூம்' இந்தியாவைச் சித்திரித்த விதத்தை ஏற்காமல் இந்திய அரசு படப்பிடிப்புக்கு அனுமதி மறுத்தது, இலங்கையில் கண்டிப் பக்கம் எடுத்தார்கள். நெஞ்சைப் பிளந்து இதயத்தைப் பிடுங்கும் காட்சிக்கு அமெரிக்கப் பெற்றோர்கள் கொதித்ததில், அதே 1984-ல் பிஜி-13 என்ற புதுத் தணிக்கைப் பிரிவே பிறந்தது. அந்த இருட்டுக்கு ஈடுசெய்யத்தான் 1989-ல் சிரிப்பும், பழைய நண்பர்களும், நாஜி வில்லன்களும், அப்பாவாக ஷான் கானரியும் வந்தார்கள். பலித்தது.

ஐந்தாவது படமும் அதே வழியில் நாலாவதின் குறைகளுக்கு வரிக்கு வரி பதில் எழுதியது. மகன் வேண்டாம் என்றார்களா, வியட்நாம் போரில் இறந்துவிட்டான் என்று வசனத்தில் முடித்தார்கள். நாஜிகள் திரும்பினார்கள். மொராக்கோவின் ஃபெஸ், சிசிலி, நியூயார்க் ஊர்வலத்துக்காக வேடம் போட்ட கிளாஸ்கோ என்று நிஜ இடங்களுக்குப் போனார்கள். தேடும் பொருளுக்கும் வேர் இருந்தது: ஆன்டிகிதெரா தீவுக் கடலடியில் கப்பல் சிதைவிலிருந்து 1901-ல் எடுத்த பல்சக்கரக் கருவி. இயக்குநர் நாற்காலியில் ஸ்பீல்பெர்க்குக்குப் பதில் ஜேம்ஸ் மேன்கோல்டு.

பழைய புகார்களை இவ்வளவு கவனமாகத் தீர்த்தவர்களுக்குப் புதிய புகார்கள் வந்தன. முதல் 25 நிமிடம் 1944-ல் நடக்கிறது, ஃபோர்டின் முகத்தை ஐஎல்எம் என்ற கிராபிக்ஸ் நிறுவனம் இளமையாக்கியிருக்கிறது. தோல், கண், தாடை எல்லாம் வியக்கும்படி இருக்கின்றன. வாயைத் திறந்தால் வருவது எண்பது வயதுக் குரல். காது சொல்வதைக் கண்ணால் மறைக்க முடியாது. ரயில் கூரை மேல் நடக்கும்போது தோளும் முழங்காலும் வயதைக் காட்டிக்கொடுக்கின்றன. இரவுக் காட்சியாக வைத்ததால் முகம் தப்பித்தது, ஆனால் சண்டை எங்கே நடக்கிறது என்பதே பல ஷாட்களில் தெரியவில்லை.

நீளம் இன்னொன்று. முதல் நான்கில் எதுவும் 130 நிமிடத்தைத் தாண்டியதில்லை, முதல் படம் 115 நிமிடம்தான். இது 154. அந்த அதிக நிமிடங்கள் நடுப்பகுதித் துரத்தல்களில் இருக்கின்றன என்பதுதான் தவறு. டான்ஜியரில் மூன்று சக்கர வண்டியில் நடக்கும் துரத்தலில் பாதியை வெட்டினாலும் கதைக்குச் சேதமில்லை. மகனைப் பற்றிப் படகில் அவன் பேசும் சின்னக் காட்சி, நடிப்பில் இந்த வரிசையிலேயே ஃபோர்டின் உச்சம் என்பேன். அதற்குக் கூடுதலாக ஒரு நிமிடம் கொடுத்திருக்கலாம்.

இனி கடைசிக் கட்டம். விமானம் காலத்தைக் கடந்து, ரோமானியர்கள் முற்றுகையிட்ட சிராக்யூஸ் நகரத்துக்கு மேல் வந்துவிடுகிறது. ஆர்க்கிமிடீஸே எதிரில். வாழ்நாள் முழுக்க எதைத் தோண்டிக்கொண்டிருந்தானோ அது உயிரோடு முன்னால் நிற்க, அடிபட்டுக் கிடக்கும் கிழவன், "நான் இங்கேயே இருந்துவிடுகிறேன்" என்கிறான். பார்த்தவர்கள் சரி பாதியாகப் பிரிந்தது இங்கேதான். சிலருக்கு மொத்தத் தொடருக்கும் உச்சம், சிலருக்கு அபத்தம். எனக்கு அந்த ஆசை நியாயமாகப் படுகிறது. குறை அடுத்த நொடியில் இருக்கிறது. கூட வந்த ஞானமகள் ஹெலனா ஒரு குத்து விடுகிறாள், திரை இருள்கிறது, கண் விழித்தால் நியூயார்க் வீடு. அவனை எப்படித் தூக்கினார்கள், விமானம் எப்படித் திரும்பியது, எதுவும் இல்லை. ஃப்ரிட்ஜ் கதவு சாத்திய அதே நொடி இது. முக்கியமான பயணத்தில் நாயகனை நம் கண்ணிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்கடுத்து முதல் படத்தின் காதலி மேரியனாக கேரன் ஆலன் வரும் காட்சி அத்தனை பேரையும் கலங்க வைத்ததால் இந்தக் கோபம் பெரிதாக வெடிக்கவில்லை. கடைசிப் பத்து நிமிடம் நன்றாக இருந்தால் அட்டையில் மதிப்பெண் ஏறும், பி பிளஸுக்கு அந்தக் காட்சிதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

வெளியிட்ட விதமும் காலை வாரியது. 2008-ல் மே 18 அன்று கேன் திரைப்பட விழாவில் திரையிட்டு நான்கே நாளில் தியேட்டருக்கு வந்துவிட்டார்கள். விமர்சனம் பரவுவதற்குள் கூட்டம் உள்ளே. 2023-லும் அதே கேன், அதே மே 18, ஆனால் அமெரிக்க ரிலீஸ் ஜூன் 30. விழாவில் பார்த்தவர்களின் விமர்சனம் பாதிக்குப் பாதி என்ற அளவில் மந்தமாக இருந்தது. ஆறு வாரம் இணையத்தில் அந்த ஒரு எண்தான் படத்தின் முகமாக இருந்தது. பிறகு மற்ற விமர்சகர்களும் எழுதி அது 70-ஐ எட்டியபோது முடிவெடுத்தவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள். நாலாவது படத்தால் ஏற்கெனவே தயங்கி நின்றவர்களுக்கு, "நினைத்தது சரிதான்" என்று சொல்ல ஆறு வாரம் அவகாசம் கொடுத்தது போல ஆயிற்று. தாமதமான சீக்வலுக்கு விழா மேடை வேண்டுமென்றால் ரிலீஸுக்கு ஒரு வாரத்துக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

எதிர்வினை ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. 2008-ல் எட்டு வயதில் கிரிஸ்டல் ஸ்கல்லைப் பார்த்த பிள்ளைகளுக்கு அதுதான் முதல் இண்டியானா ஜோன்ஸ். எறும்புப் படை ஒரு ஆளை இழுத்துப் போகும் காட்சியைத்தான் அவர்கள் நினைவு வைத்திருக்கிறார்கள், ஃப்ரிட்ஜை ஒரு வேடிக்கையாக. இப்போது இருபதுகளில் இருக்கும் அவர்கள் எழுதும் பதிவுகளில் அந்தப் படத்தின் மேல் வன்மம் குறைவு, கேட் பிளான்சட்டின் வில்லி வேடத்தைப் பற்றிய பாராட்டு அதிகம். டயல் ஆஃப் டெஸ்டினிக்கு அந்த வாய்ப்பு குறைவு, ஏனென்றால் தியேட்டரில் அதைப் பார்த்தவர்களில் பெரும்பகுதி நடுவயதுக்காரர்கள். இதை முதல் படமாகப் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளும் எட்டு வயதுக் கூட்டம் 2023-ல் அந்த அரங்குகளுக்கு வரவே இல்லை. வீட்டுத் திரையில் அவர்கள் அதைக் கண்டுபிடிக்கிறார்களா என்பது இன்னும் பத்து வருடத்தில் எழுதப்படும் பதிவுகளில் தெரியும்.